தங்கம் போனபின் தங்கியவர்கள்



கோடை விடுமுறைக்கு எங்கே செல்லலாம் என்று நம் பங்குக் குடும்பங்கள் கேட்கும்போது, கோலார் தங்கவயலுக்குச் சென்று வாருங்கள் என்று கூறுவது நம் வழக்கம். "2001-இலேயே மூடப்பட்ட சுரங்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சுவாமி?" என்று வியப்போடு வினவுவோர் பலர். அங்கே அருவியும் இல்லை, கடற்கரையும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் தமிழர் அறிய வேண்டிய ஊர் அது.

நம் அம்பத்தூர் வழியாக மேற்கே ஓடும் இருப்புப்பாதையே அரக்கோணம், காட்பாடி, சோலையார்பேட்டை கடந்து பங்காருப்பேட்டையை அடைகிறது. அங்கிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் கிளைப்பாதை, 1894-இல் சுரங்கங்களுக்காக அமைக்கப்பட்டதாகும்.

1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் பதித்தது. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீரில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சுரங்க இயந்திரங்களை இயக்கிற்று. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு கிடைத்ததோ 1905-இல்தான்! மனிதர் வாழும் நகரத்துக்கு முன்னரே பொன் விளையும் பூமிக்கு ஒளி சென்றது என்பதைச் சற்றே சிந்தியுங்கள்.

அந்தப் பொன்னை வெட்டி எடுத்தவர் யார்? வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ் மக்களே பெரும்பாலோர். நிலமற்றவர்களும், தீண்டாமைக் கொடுமையால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களும் அவர்களுள் மிகுதி. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே அனலாய்க் கொதிக்கும். திடீரென வெடித்துச் சிதறும். தப்பியவரின் நுரையீரலிலோ கல்தூசி படிந்து, சிலிகோசிஸ் நோயாய் மூச்சை அடைக்கும். சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் இவ்வாறு வெளிவந்தது. அதே தங்கவயலின் ஆழத்தில், 1965-இல், விண்ணிலிருந்து வரும் நியூட்ரினோ எனும் நுண்துகளின் தடயத்தை அறிவியலார் கண்டறிந்தனர் என்பதும் நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய செய்தி.

இலாபமில்லை என்று 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, மக்கள் தங்கிவிட்டனர். சயனைடு கலந்த மண்மேடுகள் குன்றுகளாய் நிற்கின்றன. காற்று எழுந்தால் அத்தூசி வீடுகளுக்குள் புகுகிறது. பழைய குடியிருப்புகளிலிருந்து விடியுமுன் எழுந்து, இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புவோர் ஏராளம். பாட்டன் பூமிக்குள் இறங்கினான். பேரன் இரயிலில் ஏறுகிறான். இருவருமே தம் பிள்ளைகளைப் பகலில் காணாதவர்கள்.

1964-இல் தொழிற்பேட்டை தோன்றியது முதல் ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்தது நம் அம்பத்தூர். ஆலைக்கதவு அடைபட்டால் அடுப்பும் அணையும் என்பதை நாம் அறிவோம். எனவே, திரைப்படம் கண்ட ஆவலில் மட்டும் அங்கே செல்லாதீர்கள். முதியவர் ஒருவரோடு அமர்ந்து, அவர் சொல்வதைப் பிள்ளைகளோடு கேளுங்கள். மகளின் திருமணத்திற்கு நகை வாங்கும் நாளில், "இதன் எடை என்ன? விலை என்ன?" என்று வினவும் நாம், இதற்காக இருமியவர் யார் என்றும் ஒருமுறை எண்ணிப்பார்ப்போமாக.