எத்தனை சதவிகிதம்?

'சார், பையனுக்கு ஜெர்மனியில பி.எச்.டி. கிடைச்சிருச்சு. ஃபீஸ் கிடையாது, அவங்களே சம்பளம் தர்றாங்க' என்று எதிர்வீட்டுக்காரர் லட்டு டப்பாவை நீட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டு 'எத்தனை சதவிகிதம்?' என்றேன். மார்க் கேட்கிறேன் என்று நினைத்து '82' என்றார்.

நான் கேட்டது வேலையின் சதவிகிதம். நீங்களும் கேளுங்கள்.

ஜெர்மன் ஆய்வுக்கூடங்களில் பி.எச்.டி. செய்பவர் பெரும்பாலும் ஊழியர். ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, பென்ஷன் பிடித்தம் எல்லாம் உண்டு. ரொம்ப சந்தோஷம். ஆனால், பயாலஜி போன்ற துறைகளில் ஒப்பந்தத்தில் 50 அல்லது 65 சதவிகித வேலை என்றுதான் போட்டிருக்கும். 65 என்றால் வாரத்துக்குச் சுமார் 26 மணி நேரச் சம்பளம். மீதி நேரம் உங்கள் 'சொந்த' ஆய்வுக்காம். குடுவையில் வளரும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? தீனி போடப் போய்த்தான் ஆகவேண்டும்.

கம்ப்யூட்டர், எஞ்சினீயரிங் பிரிவுகளில் மட்டும் பல இடங்களில் முழுச் சம்பளம். இல்லையென்றால் ஆள் கார் கம்பெனிக்குப் போய்விடுவான். பயாலஜி படித்தவன் எங்கே போவான்? ஆக, இது கொள்கை இல்லை சார், பேரம்.

பட்டம் வாங்கினால் தீர்ந்ததா? 2018-ல் ஜெர்மன் கல்வி அமைச்சகம் ஒரு கார்ட்டூன் படம் வெளியிட்டது. அதில் ஹன்னா என்று ஒரு பயாலஜி ஆராய்ச்சி மாணவி. 2007-ல் வந்த சட்டத்தை அவளை வைத்து விளக்கினார்கள். பட்டத்துக்கு முன் 6 வருஷம், பின் 6 வருஷம் தற்காலிக ஒப்பந்தம். அதற்குள் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால், புராஜெக்ட் பணம் இருக்கும்வரை ஓட்டலாம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். காரணம்? ஒரே தலைமுறை எல்லா இடங்களையும் அடைத்துக்கொள்ளக் கூடாதாம். சாக்கடை அடைப்புக்குச் சொல்கிற அதே வார்த்தை!

2021 ஜூனில் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் ட்விட்டரில் 'நான்தான் ஹன்னா' என்று தங்கள் கதையைக் கொட்டினார்கள். அமைச்சகம் படத்தை எடுத்துவிட்டது. சட்டத்தை எடுக்கவில்லை. 2024-ல் ஒரு திருத்த மசோதா வந்தது. அந்த வருஷமே கூட்டணி உடைந்ததில் நிறைவேறாமல் போயிற்று. பேராசிரியர் அல்லாத, 45 வயதுக்கு உட்பட்ட பல்கலைக்கழக ஆய்வாளர்களில் 92 சதவிகிதம் பேர் தற்காலிகம் என்று 2021-ல் வந்த அறிக்கை சொன்னது. நாற்பது வயதுக்காரருக்கும் அங்கே பெயர் 'நாஹ்வூக்ஸ்', இளந்தளிர்!

நம்மூர் மட்டும் வாழுதாக்கும் என்பீர்கள். இங்கே ஜூனியர் ஃபெல்லோஷிப் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் வராமல் தவிக்கிற பிள்ளைகள் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பக்கத்து வீட்டு ஓட்டை மாளிகையாகிவிடாது.

போகாதே என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். எத்தனை சதவிகிதம்? ஒப்பந்தம் ஒரு வருஷமா, மூன்றா? முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள்? வழிகாட்டியை அங்கே 'டாக்டர் அப்பா' என்றுதான் அழைப்பார்கள். பல இடங்களில் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்பவரும் அவரே, ஆய்வேட்டுக்கு மார்க் போடுபவரும் அவரே. அவரிடம் சண்டை வந்தால் யாரிடம் போவது? இதை மெயிலில் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால், அந்த லேப் வேண்டாம்.

எதிர்வீட்டுப் பையன் கேட்டான். 65 என்று பதில் வந்தது. போகிறான், தெரிந்தே போகிறான்.

லட்டு நன்றாகத்தான் இருந்தது.