கணக்கு முடித்து வந்தவன்

"ஏம்ப்பா, திரும்பி வந்துட்டே?"

சென்ற ஒரு மாதமாக எங்கள் நாச்சியாபுரத்தில் என் தங்கை மகனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பால்காரர் கேட்கிறார், பங்காளிகள் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். கேட்கிற குரலில் துக்கம் விசாரிக்கிற பாவனை வேறு.

பையன் செய்த குற்றந்தான் என்ன? சென்னையில் பொறியியல் படிக்கிறவன், மாணவர் பரிமாற்ற ஏற்பாட்டில் ஓராண்டு ஜெர்மனிக்குப் போனான். இரண்டு செமஸ்டர் படித்தான். தவணை முடிந்தது, வந்துவிட்டான். இங்கே அவன் பட்டப் படிப்பு இன்னும் ஓராண்டு பாக்கி. வராமல் என்ன செய்வான்?

இதைச் சொன்னால் ஒரு பெரியவர் கண்ணைச் சிமிட்டி, "எப்படியாச்சும் ஒட்டிக்கிட வேண்டியதுதானே?" என்கிறார். ஒட்டிக்கொள்ள அவன் என்ன பல்லியா?

ஊரை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. மூன்றாம் நாள் நானும் அதே கேள்வியைக் கேட்டேன். என் கேள்விக்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள், உதவித்தொகை இல்லாவிட்டால், ஓராண்டுச் செலவை ஒரு வங்கிக் கணக்கில் முன்கூட்டியே கட்டி, மாதாமாதம் அளந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆயிற்று. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். என் தங்கை நகையை வைத்துத்தான் கட்டினாள். நகை மீளவில்லை, பையன் மீண்டுவிட்டான். கேட்கத் தோன்றுமா, தோன்றாதா?

அவன் கோபிக்கவில்லை. "பாக்கி ஒண்ணும் வைக்காம வந்திருக்கேன் அம்மான்" என்றான். பிறகு கடைசி இரண்டு மாதம் அவன் பட்ட பாட்டைச் சொன்னான்.

அறையை விடுவதற்கு மாதக் கணக்கில் முன்னதாகவே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. சுவரில் ஒரு கீறலுக்காக அதில் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து, முழங்காலிட்டு அறையைத் துடைத்திருக்கிறான். ஊரைவிட்டுப் போகிறேன் என்று, காலி செய்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். மருத்துவக் காப்பீடு, டெலிபோன் ஒப்பந்தம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வசூலிக்கிற வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், இவை ஒவ்வொன்றையும் எழுதி முடிக்க வேண்டும். சும்மா விமானம் ஏறிவிட்டால் பில் பின்னாலேயே வரும். இரண்டு செமஸ்டருக்குமான மதிப்பெண் பட்டியலை வாங்கி வந்து சென்னைக் கல்லூரியில் ஏற்கச் செய்யாவிட்டால், படித்ததெல்லாம் படிக்காததாகிவிடும். கடைசி இரவு, ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களைக்கூடப் பொறுக்கிக் கடையில் போட்டிருக்கிறான்.

கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பாஷை நம் ஊர்ப் பாஷை அல்லவா?

செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் எப்படிப் போனார்கள்? சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, பெரும்பாலும் மூன்று வருஷத் தவணைக்குப் போனார்கள். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளானான். தவணை முடிந்ததும் அடுத்து வந்தவரிடம் பெட்டிச் சாவியையும் பேரேட்டையும் ஒப்படைத்து, ஐந்தொகை போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அதைத் தோல்வி என்று யார் சொன்னார்கள்? நம் முகப்புகளில் நிற்கிற பர்மாத் தேக்குத் தூண்கள் அத்தனையும் திரும்பி வந்தவர்கள் நிறுத்தியவைதாமே!

முடிக்க முடியாத கணக்கு மனிதனை என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் திரும்பாத கடனெல்லாம் நிலமாக இறுகி, 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942ல் ஜப்பானியர் வந்தார்கள். 1948ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் செய்தது. பத்திரங்கள் மட்டும் நம் பெட்டகங்களில் தங்கின.

பக்கத்துக் கோட்டையூர் ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். காந்தியைப் பற்றிய படச் சுருள்களுக்காக உலகம் சுற்றி, 1940ல் அந்தப் படத்தை வெளியிட்டார். நல்லவேளை, டோக்கியோவிலேயே ஒட்டிக்கொள்ளும்படி எந்தப் பெரியவரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை.

அங்கே தங்குகிறவர்கள் மேல் எனக்கு வழக்கு இல்லை. 2023–24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். அங்கேயே பட்டம் முடித்தவர்களுக்கு வேலை தேடப் பதினெட்டு மாதம் அந்நாட்டுச் சட்டமே தருகிறது. அது வேறு சீட்டு. அந்தச் சீட்டில் போனவர்கள் அதன்படி தங்கட்டும். ஓராண்டுச் சீட்டில் போனவன் ஓராண்டில் வருவதை இழிவு என்று சொல்லாதீர்கள் என்பதே என் கட்சி. கொடுத்த வார்த்தையை மீறி நின்றவனைக் கெட்டிக்காரன் என்றும், காப்பாற்றி வந்தவனை அசடு என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு நம் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு நாணயத்தைப் பற்றிப் பேசுவது?

ஊரில் ஒரே ஒருத்திதான் சரியான கேள்வி கேட்டாள். அவள் என் தங்கை. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "குக்கர் எங்கேடா?" என்றாள்.

"அடுத்து வந்த பையன்கிட்ட கொடுத்துட்டேன் ஆத்தா. அவன் சமைக்க ஒண்ணுமில்லாம வந்திருந்தான்."

"வெயிட்டையும் சேத்துக் கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"சரி" என்று பெட்டியை மூடினாள். நகையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.