நிலக்கீழ் வீடும் நீதியும்

1983 ஆடிக் கலவரத்தின் பின் கனடா சென்ற எம்மவருட் பலருக்குத் தொறொன்ரோவில் முதற் புகலிடமாய் அமைந்தது நிலக்கீழ் வீடே. அன்று கீழே குடியிருந்தோர் பலர் இன்று மேலே வீட்டுச் சொந்தக்காரர். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட எண்ணும் அவர்கட்கு நாம் கூறுவது ஒன்றே: முதலில் நகரசபையின் கட்டிட அனுமதியைப் பெறுங்கள்!

அனுமதி கிடையாதென்ற சாட்டு இனிச் செல்லாது. நகரக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள குடியிருப்புக் காணியில் 3 குடியிருப்புகள் வரை அமைக்க 2022 இன் ஒன்ராறியோச் சட்டம் இடமளிக்கின்றது. செலவு மிகுதி என்பது மெய்யே. ஆயினும், தீத்தடுப்புச் சுவரும், புகையையும் நச்சுவாயுவையும் அறிவிக்கும் கருவிகளும், தப்பி வெளியேறும் வழியும் அலங்காரங்களல்ல, உயிர்க் காவல்கள். 2021 செப்டெம்பரில் நியூயோர்க் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது நிலக்கீழ் வீடுகளில் 11 பேர் மாண்டனர். அவ்வீடுகளுட் பெரும்பாலானவை அனுமதியின்றி மாற்றப்பட்டவை.

வாடகை தருபவனும் புகலிடம் தேடி வந்தவனே. நேற்று நாம் பட்ட இடரை இன்று அவன் தலையில் ஏற்றிப் பொருளீட்டுதல் தமிழர்க்கு அழகன்று.