நெல்லை மேயர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

2011-ல் நெல்லை மக்கள் மேயரைத் தாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் ஜில்லா பிரிந்து தென்காசி தனியானது. அதே மாதம் ஓர் அவசரச் சட்டம் அந்த உரிமையைப் பறித்தது. 2022-ல் மேயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் 55 வார்டு கவுன்சிலர்கள்தான். 2024-ல் மேயர் ராஜினாமா செய்தார். மறுபடியும் அந்த மன்றத்துக்குள்ளேயே தேர்தல். வரி கட்டும் மக்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று!

ரகசிய ஓட்டு, பண்ணையாருக்கு அஞ்சும் விவசாயத் தொழிலாளிக்குக் கவசம். மக்கள் பிரதிநிதிக்கு அது எதற்கு? அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை வார்டு மக்கள் அறியக் கூடாதாம்! தாமிரபரணியில் கலக்கும் சாக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டியவரை இப்படியா தேர்ந்தெடுப்பது?

யூனியன், ஜில்லா பஞ்சாயத்துத் தலைவர்களின் மறைமுகத் தேர்தல் அரசியல் சட்டத்திலேயே உள்ளது. மேயர் தேர்தலோ சட்டசபையின் கையில். நேரடித் தேர்தலைச் சர்க்கார் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுவரை கவுன்சிலர்கள் பகிரங்கமாக வாக்களிக்கட்டும்.