ஊட்டிக் குளிர்ல வேனுக்குள்ள அடுப்பா? கொஞ்சம் இருங்க அண்ணே!

சேலையூரில் எங்கள் தெருமுனையில் ஆறு மாதமாக ஒரு பழைய டெம்போ டிராவலர் நிற்கிறது. ஒரு காலத்தில் ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. எதிர்வீட்டு அண்ணன் அதை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், சுத்தியலோடு உள்ளே போய்விடுவார். பின்பக்கம் படுக்கை, ஓரமாகச் சின்ன சமையல் மேடை, மேடைக்குக் கீழே 5 கிலோ சிலிண்டருக்கு ஒரு பெட்டி. போன வாரம் எல்லாம் முடிந்துவிட்டது. பொங்கல் லீவுக்கு ஊட்டி. அண்ணன், அண்ணி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பாப்பா, அண்ணனின் அம்மா என்று நாலு பேர்.

"ஓட்டல் ரூமே வேணாம் தம்பி. வண்டிதான் வீடு. ராத்திரி குளிருச்சுன்னா அடுப்பை சிம்ல வெச்சுட்டு, ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டாப் போதும். ஹீட்டர் தனியா எதுக்கு?" என்றார்.

அவர் கடைசியாகச் சொன்ன அந்த விஷயத்துக்காகத்தான் இந்த வாரக் கட்டுரையே. வேனை வீடாக மாற்றுவோர் நம் பக்கம் இன்னும் குறைவு. ஆனால் வாடகை வேனில் சமையல் சாமான், அடுப்பு, சிலிண்டர் சகிதம் மலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் தாம்பரம், பெருங்களத்தூர், குரோம்பேட்டை பக்கம் எத்தனையோ. எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் அண்ணனின் கவலையைப் பார்ப்போம். "குளிர்ல கேஸ் எரியுமா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி.

எரியும், ஆனால் சோம்பலாக. சிலிண்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி திரவம். புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. அந்தத் திரவம் கொதித்து வாயுவானால்தான் பர்னருக்கு வரும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேனுக்கு மைனஸ் 0.5 டிகிரி வேண்டும். சென்னையில் மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வதே 20 டிகிரி சுமாருக்குத்தான், அதனால் இங்கே இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிவதில்லை. ஊட்டியில் உறைபனி விழும் அதிகாலையில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்போது பியூட்டேன் எழுந்து வரவே யோசிக்கும். ஆன்லைனில் ஸ்ப்ரே டப்பா மாதிரி விற்கிறார்களே குட்டி கேன்கள், அவற்றில் பல பியூட்டேன் கேன்கள்தான். பற்றவைத்ததும் நன்றாக எரியும். ஐந்து பத்து நிமிடத்தில் தீ குறுகிவிடும்.

ஏன் போகப் போகக் குறைகிறது? திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அதாவது, எரிய எரிய சிலிண்டர் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பிரியாணி அண்டா ஏறியிருக்கும்போது பார்த்திருப்பீர்கள்: சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்துப்போய், சில சமயம் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். மாஸ்டர் அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவிடுவார். காற்றைவிடத் தண்ணீர் வேகமாக வெப்பம் கொடுக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த இயற்பியல்.

இன்னொன்று. கலவையில் புரோப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும். பாதி தீர்ந்த சிலிண்டரில் மிஞ்சியிருப்பதில் பியூட்டேன் பங்கு கூடியிருக்கும். வீட்டில் பாதி ஆன சிலிண்டரை மலைக்கு எடுத்துப்போனால் அது அங்கே இன்னும் மந்தமாகத்தான் இருக்கும். குளிர் நாடுகளில் வேனில் ஊர் சுற்றுபவர்கள் பனிக்காலம் வந்ததும் புரோப்பேன் சிலிண்டருக்கு மாறிவிடுவது இதனால்தான். போதாக்குறைக்கு ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நினைப்பீர்கள், சாதம் வேகாது. குக்கர் இல்லாமல் போனால் கேஸும் வீண், பொறுமையும் வீண்.

தீ குறைந்தால் நம் கை சும்மா இருக்காதே! சென்னை வீடுகளில் சிலிண்டர் தீரும் நேரத்தில் அதைப் படுக்கவைத்து உருட்டும் பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. மறுநாள் காலை காபிக்கு மட்டும் தாங்கட்டும் என்ற ஆசை. படுக்கவைத்தால் வாயு வர வேண்டிய வால்வு வழியாகத் திரவமே வரும். ஒரு பங்கு திரவம் விரிந்தால் சுமார் 250 பங்கு வாயு. பர்னரில் தீ குபீரென்று எழும்பும். வேனில் தலைக்கு மேலே பிளைவுட், பக்கத்தில் திரைச்சீலை. கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு காட்டுவது எதுவும் வேண்டாம். சாதாரணத் தண்ணீர் நிரம்பிய ஒரு பேசினில் நிமிர்ந்தபடி நிறுத்தினாலே போதும்.

இதுவரை சொன்னது சமையல் தாமதமாகும் கதை. அண்ணன் கேட்காத விஷயம்தான் ஆளையே காவு வாங்கும்.

குளிர் கேஸை மந்தமாக்குவதோடு நிற்பதில்லை. நம்மை ஜன்னலை மூடவும் வைக்கிறது. மூடிய வேனுக்குள் அடுப்பு எரிந்தால் ஆக்ஸிஜன் குறையும். குறையக் குறைய கேஸ் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். சமையல் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே ஒரு நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அப்புறம் தூக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த அன்றைக்கு இவையெல்லாம் யாருக்கும் சந்தேகமே தராது. "மலை ஏறினது ஒத்துக்கல, படுத்தாச் சரியாயிடும்" என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டுப் படுத்துவிடுவோம். பயமே அதுதான்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊரில் சுற்றுலா போன கேரளக்காரர்கள் எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்தார்கள். நாலு பேர் குழந்தைகள். கதவு ஜன்னலைத் தாழிட்டுவிட்டு கேஸ் ஹீட்டர் போட்டுக்கொண்டு படுத்தவர்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் திருச்சி இளைஞர்கள் இரண்டு பேர், பார்பிக்யூ அடுப்புக் கரியின் புகையால் அறைக்குள்ளேயே இறந்துபோனார்கள். அதே வருடம் டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். அங்கே அடுப்பே இல்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டித் தரையில் இருந்த ஓட்டை வழியே உள்ளே வந்திருக்கிறது. டிசம்பர் என்றாலும் வடகரை குளிர் ஊர் அல்ல. மூடிய வண்டியும் எரிபொருளும் சேர்ந்தாலே போதும்.

அடுத்தது நம் ஊர்ச் சம்பவம். 2023 ஆகஸ்ட் 26, மதுரை ரயில் நிலையம். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி அதிகாலையில் தனியாக நிறுத்தப்பட்டிருந்தது. ரயிலில் சிலிண்டர் கொண்டுபோகவே கூடாது. ஆனாலும் கொண்டுவந்திருந்தார்கள். காலை ஐந்து மணியைத் தாண்டியதும் டீ போட அடுப்பைப் பற்றவைத்த நேரத்தில் தீ பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். ஜன்னலைத் திறந்திருக்கிறோமே என்ற தைரியம் கசிவுக்கு உதவாது. கீழே வழி வேண்டும்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்ல ஒரு சாயங்காலம் ஆயிற்று. முதல் பத்து நிமிடம், "நெட்ல ஆயிரம் சொல்லுவாங்க தம்பி" என்றார். நேபாளக் குழந்தைகள் கதை வந்தபோது அண்ணி உள்ளேயிருந்து வந்து நின்றுகொண்டார். அதற்குப் பிறகு வாக்குவாதம் என்னோடு இல்லை.

சிலிண்டர் பெட்டியைப் பிரித்தார்கள். முன்பு அது வேனுக்குள் திறக்கும் வெறும் மரப் பெட்டி. இப்போது உள்பக்கம் முழுக்க அடைத்து, கதவை வெளிப்பக்கம் வைத்து, அடியில் காற்றுப் போக வழி விட்டாயிற்று. வடகரைக் கதை கேட்டதால் சைலன்சர் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க பெல்ட். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றி மூடி போட்டிருக்கும். டியூபும் புதுசு. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். சமையல் மேடை? அது இப்போது காய்கறி நறுக்க மட்டும். அடுப்பு வெளியே, வேனை ஒட்டாமல், காற்று மறைவில். வண்டிக்கு வெளியே டீ போட்டுக் குடிப்பதில்தானே டூருக்கே ருசி!

வாடகை வேனில் போகிறவர்களுக்கு இவ்வளவு வேலையே வேண்டாம். ஆட்களோடு சிலிண்டரை ஏற்றாதீர்கள், அவ்வளவுதான். வீட்டு இணைப்பில் வரும் 14.2 கிலோ சிகப்புச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்பது சட்டம். புளிசாதம், சப்பாத்தி, தக்காளித் தொக்கு கட்டிக்கொண்டால் முதல் நாள் ஓடிவிடும். எங்கேயாவது கசிவு வாசம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல், எல்லோரையும் இறக்கி, தூரப் போய் நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

குளிருக்கு என்ன செய்வது என்று பாட்டிதான் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம், முட்டிவலிக்காரர். வெளியே கொதிக்கவைத்த தண்ணீரை ரப்பர் பையில் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு கம்பளி, காதுக்குக் குல்லா என்று நான் அடுக்கினேன். பாட்டி அண்ணனைப் பார்த்தார்.

"டேய், மேட்டுப்பாளையத்துல குளிர் இருக்குமா?"

"இருக்காதும்மா."

"அப்ப ராத்திரி அங்க படுப்போம். பகல்ல மேல போய்ட்டு வருவோம். பனியில படுத்து நான் யாருக்கு நிரூபிக்கணும்?"

ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறார்கள், ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலுக்கு முன்னால். பாப்பா மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறாள். வண்டிக்குள் நூடுல்ஸ் செய்து தருவதாக அப்பா சொல்லியிருந்தாராம்.