காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மலா? மெத்தைக்குள் இருக்கும் 'டஸ்ட் மைட்'தான் காரணமா? எது உண்மையில் பலன் தரும்?

கண் விழித்ததும் பத்து, பதினைந்து தும்மல். மூக்கில் தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும். குளித்து, கிளம்பி வெளியே போனால் சரியாகிவிடும். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல வீடுகளில் இது வழக்கம். "தலைக்கு ஊத்தினது ஒத்துக்கல" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் காய்ச்சல் இல்லாமல் வாரக்கணக்கில் இப்படி நீடித்தால், அது சளியாக இல்லாமல் டஸ்ட் மைட் எனும் தூசிப் பூச்சியால் வரும் அலர்ஜியாக இருக்கலாம்.

டஸ்ட் மைட் என்றால் என்ன?

சிலந்தி, உண்ணி வகையைச் சேர்ந்த எட்டுக்கால் உயிரி இது. நீளம் கால் மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் கண்ணில் படாது. மூட்டைப்பூச்சி போலக் கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்கள்தான் இதன் உணவு. மெத்தையும் தலையணையும் இதற்குப் பிடித்த இடங்கள்.

பிரச்சினை பூச்சியை விட அதன் கழிவில்தான் அதிகம். அதிலுள்ள புரதம் மூச்சோடு உள்ளே போகும்போது, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, இளைப்பு வருகிறது. பூச்சி செத்தாலும் அந்தப் புரதம் மெத்தையிலேயே தங்கிவிடும். அதனால் கொன்றால் மட்டும் போதாது, துவைத்து வெளியேற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் ஏன் அதிகம்?

டஸ்ட் மைட் தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடல் வழியாக உறிஞ்சியே வாழ்கிறது. ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்து செத்துவிடும். ஆனால் சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல்தான். மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

போதாக்குறைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, படுக்கையறையிலேயே கொடி கட்டி ஈரத்துணியைக் காயப்போடுகிறோம். அதை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஏ.சி. இருந்தால் 'டிரை மோட்' உதவும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

- படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை சுமார் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கவும். வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லையா? கொதிக்கும் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். அதில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். குச்சியால் கிளறுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

- மெத்தை, தலையணை இரண்டையும் முழுதாக மூடும் ஜிப் வைத்த, நெருக்கமான நெசவுள்ள உறையைப் போடவும்.

- வெயில் அடிக்கும் நாளில் மெத்தையை மொட்டை மாடியில் காயப்போடுவது நல்ல பழக்கம். மேற்பரப்பிலுள்ள பூச்சிகள் சாகும். ஆனால் தடிமனான ஃபோம் மெத்தையின் உள்ளே அந்தச் சூடு போகாது. மெத்தையைத் தட்டும்போது அலர்ஜி உள்ளவர் பக்கத்தில் இருக்கக் கூடாது.

- வெந்நீர் தாங்காத துணி பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு அலசவும்.

- அறையைப் பெருக்குவதை விட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

உறை மட்டும் போட்டால் போதுமா?

ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்ட ஆய்வு 2003-ல் வெளியானது. அதில் உறை மட்டும் போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அதே நாட்டில் குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், உறை பயன்படுத்திய குழந்தைகள் இளைப்புடன் அவசரமாக மருத்துவமனைக்குப் போவது குறைந்திருந்தது.

அதாவது, ஒரே ஒரு பொருளை வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் பிரச்சினை இல்லை இது. துவைப்பது, உறை, ஈரத்தைக் குறைப்பது எல்லாம் சேர்ந்தால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு.

ஆயிரக்கணக்கில் விலை உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் தேவையா? இதற்கு மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம். மைட் கழிவுத் துகள்கள் கனமானவை. படுக்கையை உதறும்போது மேலே கிளம்பி, சிறிது நேரத்தில் கீழே படிந்துவிடும். காற்றில் இல்லாததைக் கருவி எப்படிப் பிடிக்கும்?

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இரவில் இருமலால் குழந்தையின் தூக்கம் கலைந்தாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ தாமதிக்க வேண்டாம். மூச்சுவிடத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணம் டஸ்ட் மைட்தானா என்பதைத் தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை மூலம் உறுதி செய்யலாம்.

முக்கியமான ஒன்று: மெத்தையைச் சுத்தம் செய்தாச்சு என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சுத்தம் மருந்துக்குத் துணைதான், மாற்று இல்லை.