யந்திரமும் உபாத்தியாயரும்

நமது பள்ளிக்கூடங்களுக்குப் புதிய யந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2011-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் பிள்ளைகளுக்கு இலவசமாக மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களில், கைப்பேசியைக் காட்டினால் படமும் விளக்கமும் தோன்றும்படியான கட்டக் குறிகள் அச்சிடப்பட்டன. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி ஏற்பட்டது. விஞ்ஞானத்தைக் கலிகாலக் கேடு என்று தள்ளுகிற கூட்டத்தார் அல்ல நாம். ஆதலால் இவைகளை மனப்பூர்வமாய் வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். யந்திரத்தை வாங்கிக் கொடுத்தவர்கள், அதைக் கொண்டு பாடம் சொல்லவேண்டிய உபாத்தியாயரைத் தயார் செய்தார்களா?

யந்திரம் வந்தால் படிப்பு தானே வந்துவிடும் என்கின்ற நம்பிக்கை புதிதல்ல. அமெரிக்காவில் எடிசன், சினிமாப் படம் வந்துவிட்டபடியால் பள்ளிக்கூடங்களில் புத்தகத்திற்குச் சீக்கிரம் வேலையில்லாமல் போகும் என்று 1913-லேயே சொன்னார். நூறு வருஷத்திற்கு மேலாகியும் புத்தகம் போகவில்லை. பெரு தேசத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிக்கூடங்களில் அதன் பலனை ஆராய்ந்து 2012-ல் ஓர் அறிக்கை வந்தது. பொதுவான புத்தித் திறமையில் சிறிது பலன் தெரிந்ததே தவிர, கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் காணப்படவில்லை. உபாத்தியாயர்களுக்கென்று ஏற்பாடு செய்திருந்த பயிற்சியோ 40 மணி நேரம். தையல் மிஷினை வாங்கி வீட்டில் வைத்ததனாலேயே ஒருவன் தையற்காரனாகி விடுவானா?

நமது நாட்டில் பயிற்சி என்பது பெரும்பாலும் எப்படி நடக்கின்றது? ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பேரை உட்கார வைத்து, ஒருவர் திரையில் எதையோ காட்டுவார். கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரிந்துவிடலாம். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் அமுக்குவது என்பதல்லவா தெரியவேண்டும்? இருதயத்தில் ரத்தம் ஓடுவதைக் கரும்பலகையில் ஓடவிட முடியாது; படத்தில் ஓடவிடலாம். ஆனால் படத்தைப் பாதியில் நிறுத்தி, “இனி ரத்தம் எங்கே போகும்?” என்று பிள்ளைகளைக் கேட்கத் தெரிந்தவர் உபாத்தியாயர் ஒருவரே. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கைதான்.

அவர் தயாராகாவிட்டால் யந்திரம் என்னவாகும்? அலமாரியில் பூட்டிக் கிடந்து, ஆயுத பூஜையன்று மாத்திரம் வெளியில் வந்து சந்தனமும் குங்குமமும் பூசிக்கொள்ளும். நமது நாட்டில் சாமிகளுக்குப் பஞ்சமில்லையே!

இதனால் நஷ்டப்படுவது யார்? பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே எல்லாம் இருக்கின்றன. கூலிக்காரன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் கதி. அங்கேயும் யந்திரம் பூட்டிக் கிடந்தால், பழைய உயர்வு தாழ்வு புதிய வேஷத்தில் வந்துவிட்டதென்றே சொல்லுவோம்.

ஆகவே, உபாத்தியாயர் வீட்டிற்குக் கொண்டுபோய்ப் பழகும்படி யந்திரம் கொடுக்கப்பட வேண்டும். வருஷம் முழுவதும், அவரவர் வகுப்பிலேயே, விஷயம் தெரிந்தவர் கூட இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். ரிப்பேருக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பழுதானால் தன் தலையில் விழுமே என்று பயப்படுகிறவர் அதைத் தொடமாட்டார். உபாத்தியாயர்களும், தெரியாததைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை அவமானமாகக் கருதக்கூடாது. எல்லாம் தெரிந்த குரு என்பது புராணத்துச் சரக்கு.

தோழர்களே! 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு அங்கத்தினர் பெற்றோர்களாகிய நீங்களே. அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் போங்கள். எத்தனை யந்திரம் வந்தது என்பதோடு நின்றுவிடாமல், அதைக் கொண்டு இந்த வாரம் எந்தப் பாடம் நடந்தது என்று கேளுங்கள். நடக்கவில்லையென்றால் உபாத்தியாயர்மேல் கோபிக்க வேண்டாம். அவருக்கு யார், எப்பொழுது சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு, அந்தப் பதிலை எழுதிக் கல்வி இலாகாவுக்கு அனுப்புங்கள்.